மெஷினுக்குக் கீழே நான் எழுதியது

ஈஸ்ட் பிரன்ஸ்விக்,
அக்டோபர் 2009

அன்புள்ள மஹ்ஜபீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன்னையும் வயிற்றிலிருக்கும் நம் பிள்ளையையும் அல்லாஹ் நலமாக வைக்கட்டும்.

போன் செய்யாமல் இமெயில் எழுதுகிறேனே என்று கோபப்படாதே. பேசினால் இருமல் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆமாம், எனக்கும் பன்றிக் காய்ச்சல்தான். இப்போது இறங்கிவிட்டது. மாமியிடம் சொல்லி ஊரைக் கூட்டாதே. அங்கேயும் பரவுகிறதாமே, பிரசவம் முடியும்வரை கல்யாண வீடுகளுக்குப் போகாதே.

நான் சம்பளத்தோடு வீட்டில் படுத்திருக்கிறேன். நீ இங்கே இருந்தபோது மசக்கைக்கு மாங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பினாரே, பேக்கிங்கில் வேலை செய்யும் சாந்தியக்கா, அவர் காய்ச்சலோடு மசாலாப் பொட்டலம் போடுகிறார். எங்களைப் போன்ற ஆபீஸ்காரர்களுக்கு விடுப்புச் சம்பளம் உண்டு, மணிக்கூலி ஆட்களுக்குக் கிடையாது. வராவிட்டால் வாடகை கொடுக்க முடியாது. வந்ததற்கு, எல்லோருக்கும் ஒட்டவைத்தது அவர்தான் என்று ஆபீஸே ஏசுகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கணக்கு எழுதுகிறவன் வேறென்ன செய்வான்? பேக்கிங் மெஷினை நிறுத்தி எண்ணெய் போட்டால் பராமரிப்புச் செலவு என்று எழுதுவேன். முதலாளி திருமூர்த்தி கேள்வியே கேட்காமல் கையெழுத்துப் போடுவார். இந்த மாதம் மெஷினுக்குக் கீழேயே, ‘பேக்கிங் ஆட்களுக்குக் காய்ச்சல் விடுப்புச் சம்பளம்’ என்று சேர்த்து அனுப்பினேன். எதையும் ஒளிக்கவில்லை. எல்லோரும் ஒன்றாகப் படுத்துவிட்டால் ஆர்டர் போய் எவ்வளவு நஷ்டம் வரும் என்பதையும் பக்கத்திலேயே காட்டியிருந்தேன்.

நேற்று போனில் கூப்பிட்டார்.

“மெஷின் நம்மளுது தம்பி. அவங்க ஹவர்லிதானே?” என்றார்.

திங்கட்கிழமைக்குள் அந்த வரியை எடுத்துவிட வேண்டுமாம். கூடவே, என் கிரீன் கார்டு விஷயமாக வக்கீல் பேசினார் என்றும் சொன்னார். மிரட்டவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அதுதான் பயமாக இருக்கிறது.

இந்த வேலை போனால் கிரீன் கார்டு மனுவும் போய்விடும். பயண அனுமதி வருவதற்குள் நாட்டைவிட்டுக் கிளம்பினால் அது ரத்தாகிவிடும் என்றுதானே உன் பிரசவத்துக்குக்கூட வராமல் இங்கே அடைந்து கிடக்கிறேன். எடுக்காவிட்டால் அத்தனையும் வீண். எடுத்துவிட்டால் சாந்தியக்கா முகத்தில் எப்படி விழிப்பேன்?

மஹ்ஜபீன், “எடுத்துடுங்க மச்சான்” என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் எடுத்துவிடுவேன். பழியை உன்மேல் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் செய்வேன்.

தயவுசெய்து அதை மட்டும் சொல்லாதே. எனக்காக துஆ செய்.

உன் மச்சான்,
பாசில்