நாசர் பாட்டுக்கு என் தபலா

1999 ஆகஸ்ட் 12, வியாழன்

தூக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் நண்பன் நாசரின் கல்யாண வீட்டில் அவன் பாட, நான் தபலா வாசிப்பதாக ஏற்பாடு. தபலா நான் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு கற்றுக்கொண்டது. ஆட்கள் முன்னால் இதுதான் முதல் தடவை. சாயங்காலம் அவன் வீட்டு மாடியில் ஒத்திகை. தாளம் பிசகாமலிருக்க நானே செய்த சர்க்யூட்டை எதிரில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு அடிக்கும் சிவப்பு விளக்கு மின்னும். நாசர் ஒரு வரியை இழுத்து, நடுவில் சிரித்து, மெதுவாகப் பல்லவிக்குத் திரும்பினான். அதற்குள் நான் தாளத்தை முடித்துவிட்டேன்.

"எடா, எங்க ஓடறே? அக்கரைக்கு எறணாகுளம் போற போட்டைப் பிடிக்கவா?"

"நான் கரெக்ட். நீதான் லேட்டு."

"புதுமாப்பிள்ளைடா நான். கொஞ்சம் லேட்டானா என்ன?"

அவன் தம்பிமார் சிரித்தார்கள். நாசர் சர்க்யூட்டை அணைத்துவிட்டு, "இப்ப வாசி" என்று பாட ஆரம்பித்தான். என் கை எழும்பவே இல்லை. எங்கே அடிப்பதென்று தெரியவில்லை. இத்தனை நாளும் விளக்கைத்தான் பார்த்திருக்கிறேன், அவன் பாட்டைக் கேட்டதே இல்லை.

நாளைக்குப் போய், தபலாவைத் தொடாமல் உட்கார்ந்து, முதலிலிருந்து பாடச் சொல்லணும். அப்போதும் பிடிபடவில்லை என்றால் வேறு ஆளைக் கூப்பிடச் சொல்லிவிடணும். அவன் கல்யாணத்தில் போய் நான் பரீட்சை எழுதக்கூடாது.