நூல் பிடித்து அடுக்கிய விறகு

1938 ஜனவரி 9, கோடைக்கானல்

இன்று சபுராவின் விரல்கள் மடங்கக் காலை பத்து மணி ஆயிற்று. நேற்று ஏழு மணிக்கே மடங்கின. என்ன கணக்கு இது? இயந்திரம் என்றால் பழுது ஓரிடத்தில் இருக்கும், கழற்றலாம், மாற்றலாம். இந்தக் கீல்வாதம் இன்று மணிக்கட்டில், நாளை முழங்காலில். கல்யாணமான மறு வருஷம் வந்தது, இன்னும் போகவில்லை. டாக்டர் தந்த மருந்தில் வலி குறைகிறது. காதில் இரைச்சல் வருகிறது.

வீட்டு வேலைக்கு நான் எழுதி ஒட்டியிருந்த கால அட்டவணையைக் கிழித்துவிட்டேன். "என் முட்டிக்கு வாசிக்கத் தெரியாதுங்க" என்கிறாள்.

ஜனவரி 11

புல்லெல்லாம் உறைபனி. ஆள் நடமாட்டத்துக்கு முன் தண்ணீர் பிடித்துவிடலாம் என்று போனேன். தெருக்குழாய் உறைந்து கிடந்தது. வெறுங்குடத்தோடு திரும்பினேன்.

ஜனவரி 12

அரைப்பதும் நான்தான். விடியுமுன், கதவைச் சாத்தி, ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு. ஓவர்சியர் மசாலா அரைக்கிறான் என்று தெரிந்தால் ரோட்டு வேலையில் எவன் மதிப்பான்?

இன்று மேஸ்திரி பொன்னுவேல் மூக்கை உறிஞ்சினான். "சார் கையில மல்லி வாசம் தூக்குதே!" கூலியாட்கள் சிரித்தார்கள். ஜல்லி அளவு குறைகிறது என்று அவன்மேல் எரிந்து விழுந்தேன். அளவு சரியாகத்தான் இருந்தது.

ஜனவரி 15

பழனியிலிருந்து மாமி யாரிடமோ சொல்லிக் கடிதம் எழுதி அனுப்பியிருக்கிறார். வருகிறாராம். வீடு நடக்கிற லட்சணத்தைப் பார்த்து, நடக்கவில்லை என்றால் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் மகளைக் கூட்டிப்போவாராம்.

"போனா அம்புட்டுத்தான்" என்றாள் சபுரா. "பெரியம்மா மக அமீருன்னிசாவ ஒரு மாசம்னுதான் கூட்டிட்டுப் போனாக. அடுத்த வருசம் அவ மாப்பிள்ளைக்கு வேற நிக்காஹ்."

நான் அப்படிப்பட்டவனா?

"நீங்க இல்ல. சுத்தி இருக்கிறவுக பண்ண வச்சிருவாக."

சரி. மாமியின் கண்ணுக்கு வீடு நடக்க வேண்டும், அவ்வளவுதானே. அவர் எழுமுன் வேலை முடிந்திருந்தால் போதும்.

ஜனவரி 22

மாமி வந்து மூன்று நாள். விடியற்காலை சுப்ஹு தொழுகைக்கு எழுகிறவர். ஆகவே எனக்கு நான்கு மணி. தண்ணீர், விறகு, அம்மி. சத்தம் கேட்காமலிருக்க அம்மிக்கு அடியில் சாக்கை மடித்து வைத்திருக்கிறேன். ரோட்டில் நின்றபடியே தூங்குகிறேன்.

மாமி ஒன்றும் கேட்கவில்லை. மாமி ஒன்றும் கேட்காமல் இருப்பவரா?

ஜனவரி 23

சபுராவுக்கு முழங்கால் வீக்கம். அம்மா முன் சிரித்துக்கொண்டே வெங்காயம் நறுக்குகிறாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஜனவரி 25

பிடிபட்டேன். அம்மியில் அல்ல, விறகில்.

மாமனார் மலை ரோட்டுக்குக் கல் உடைத்துக் கொடுத்த கான்ட்ராக்டர். இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அவர் தொழில் எனக்கு நினைவிருந்திருக்க வேண்டும்.

கொல்லையில் விறகைக் காட்டி மாமி கேட்டார்: "எந்தப் பொம்பள விறகை நூல் புடிச்சு அடுக்குவா மாப்ளே? நாலடிக்கு ரெண்டடி, மேல மட்டம் வேற. ஓவர்சியர் அளக்க வாராருன்னா இவ அத்தா ஜல்லிய இப்படித்தான் அடுக்கி வைப்பாக."

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "ஆமா, நான்தான் அடுக்குனேன். நான்தான் அரைக்கிறேன். அதுக்கென்ன இப்போ?"

"அரைங்க, யாரு வேணாம்னா? மிளகாதான் திப்பி திப்பியாக் கெடக்கு. மூணு நாளா வயிறு எரியுது." பிறகு குரல் மாறியது. "எத்தனை நாளைக்கு முடியும் மாப்ளே?"

மைல் கணக்கில் ரோட்டுக்கு எஸ்டிமேட் போடுகிறவன். குனிந்து விறகை எண்ண ஆரம்பித்தேன்.

சபுரா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசற்படிக்கு வந்துவிட்டாள். "ரெண்டு பேரும் என்னய வச்சுல்ல எஸ்டிமேட் போடுறீக! என்னய ஒரு வார்த்தை கேட்டீகளா?"

அம்மாவைப் பார்த்தாள்.

"நான் வரலம்மா. முடியுற அன்னிக்கு நான் பொங்குவேன், முடியாத அன்னிக்கு அவுக பொங்கட்டும்." என் பக்கம் திரும்பினாள். "ஆனா கதவச் சாத்திட்டு அரைக்காதீக. திருட்டுச் சோறு திங்கிற மாதிரி இருக்கு."

நான் குளிக்கப் போய்விட்டேன். வேறென்ன செய்வது?

ஜனவரி 26

எத்தனை நாளைக்கு? ஜல்லிக் குவியலை இரண்டு முறை அளந்தேன். இரண்டு விடை வந்தது.

ஜனவரி 28

மாமியைப் பஸ் ஏற்றினேன். தனியாகத்தான் போகிறார். ஜன்னல் வழியாகச் சொன்னார்: "பெருநாளைக்கு ரெண்டு பேரும் வாங்க. ரெண்டு பேருமாத்தான் திரும்பணும், ஆமா." பஸ் நகர்ந்த பிறகும் ஏதோ கத்தினார். 'மிளகாய ஊறவச்சு அரைங்க' என்பது மட்டும் காதில் விழுந்தது.

ஜனவரி 30

விறகைக் கலைத்து அடுக்கினேன். கோணலாக அடுக்கக் கை வரவில்லை. விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 3

இன்று சபுராவுக்கு விரல் மடங்கவே இல்லை. அம்மியை வாசலுக்கு மாற்றினேன். தனியாகத் தூக்க முடியவில்லை; சம்பளச் சீட்டோடு வந்த பொன்னுவேலை ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னேன்.

"இங்கயா சார்?" என்றான். "தெருவே பாக்குமே."

உள்ளே வெளிச்சம் போதவில்லை என்றேன்.