ஒரே ஆளுக்கு இரண்டு பதில்

3 செப்டம்பர் 2025, புதன்

முதல் வரியே வரவில்லை.

பெங்களூரில் நவம்பர் கடைசியில் ஐந்து நாள் ஆய்வுப் பட்டறை. ரோபாட்டிக்ஸில் முனைவர் பட்டம் வாங்கி மூன்று வருடம் தாண்டாதவர்களுக்கு மட்டும். நாற்பது இடம். எனக்கு டிசம்பரோடு மூன்று வருடம் முடிகிறது. இப்போது விட்டால் இனி கிடையாது. போகிறவர்களில் சிலரை அங்குள்ள பெரிய ஆய்வகங்கள் ஒரு வருடத்துக்கு எடுத்துக்கொள்ளுமாம். இங்கே வாரம் பதினெட்டு மணி நேரம் வகுப்பு. மிச்சம் கிடைக்கும் நேரத்தில்தான் என் ரோபோ கை.

ஒரு பக்கம் எழுத வேண்டும்: உங்கள் ஆய்வின் மையக் கேள்வி என்ன? வெற்றிலை அடுக்கிலிருந்து ஒரே ஒரு இலையை எடுப்பது எப்படி. அவ்வளவுதான் என் கேள்வி. இதைப் போய் எப்படிப் பெரிதாகச் சொல்வது?

7 செப்டம்பர், ஞாயிறு

எழுதிவிட்டேன், உள்ளது உள்ளபடி. காய்ந்த இலையில் பத்துக்கு ஒன்பது தடவை கை சரியாக எடுக்கிறது. தண்ணீர் தெளித்த இலையில் பத்துக்கு நாலுதான். மற்ற ஆறில் இரண்டு இலை ஒட்டிக்கொண்டு வருகிறது, அல்லது கிழிகிறது. வெற்றிலைக் கொடிக்காலில் தண்ணீர் தெளிக்காமல் யாரும் கவுளி கட்டுவதில்லை; நூறு இலையும் வாடாமல் சந்தை போய்ச் சேர வேண்டுமே. ஆகவே அந்த நாலுதான் உண்மையான எண். அதையும் எழுதினேன்.

சாயங்காலம் அனுப்பப் பார்த்தேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு வெள்ளைப் பக்கம். வந்து சேர்ந்தது என்று பதில் எதுவும் இல்லை. போகவில்லை போல.

8 செப்டம்பர், திங்கள்

அதைச் சுருளிவேல் சாரிடம் காட்டினேன். என் பிஎச்.டி. வழிகாட்டி, இப்போது அதே கல்லூரியில் என் துறைத் தலைவர். சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தார். ஒன்றும் திருத்தவில்லை. மூடிவிட்டார்.

“இது விண்ணப்பமாம்மா, வாக்குமூலமா?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“நம்ம மாதிரி காலேஜ்ல இருந்து போற காகிதத்த எவனும் ரெண்டாவது பத்தி வரைக்கும் படிக்க மாட்டான். மொத வரியிலயே பிடிச்சு உக்கார வைக்கணும். குடுத்துட்டுப் போ.”

10 செப்டம்பர், புதன் — கடைசி நாள்

சார் எழுதிக் கொடுத்த பக்கம் அழகாக இருக்கிறது. ‘மென்மையான விளைபொருள்களைக் கையாளும் இயந்திரங்களின் எதிர்காலம்’ என்று தொடங்குகிறது. வெற்றிலை நாலாவது வரியில்தான் வருகிறது. தொண்ணூறு விழுக்காடு வெற்றி என்று இருக்கிறது. ஈர இலை பற்றி ஒரு சொல் இல்லை.

கேட்டேன். “தொண்ணூறு பொய்யா?” என்றார்.

“இல்ல சார்.”

“அப்புறம் என்ன?”

சொந்த மெயில் வேண்டாம், கல்லூரி மெயிலில் இருந்தே அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். இந்த முறை ஒரு நொடியில் போய்விட்டது.

16 அக்டோபர், வியாழன்

காலை பதினொன்றுக்கு மெயில். தேர்வாகிவிட்டேன். உடனே பாண்டீஸ்வரிக்குப் போன் செய்தேன். தங்கச்சி, வில்லாபுரத்து வாடகை வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவளுக்குக் கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் வரவேற்பு வேலை. பத்து நிமிடத்தில் சோழவந்தானில் அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. “பெங்களூரு குளிருமாமே, போர்வ இருக்கா?” என்று அம்மா கேட்டது.

இரண்டரை மணிக்கு இன்னொரு மெயில், அதே இடத்திலிருந்து. தங்களைத் தேர்வு செய்ய இயலாததற்கு வருந்துகிறோம்.

எது சரி? கேட்டால் பதில் வரும். “மன்னிக்கவும், முதலாவது தவறாக வந்துவிட்டது” என்று வந்தால்?

பாண்டீஸ்வரி அரைக் கிலோ மைசூர்பாகோடு வந்தாள். இரண்டாவது மெயிலைக் காட்டாமல் இரண்டு துண்டு தின்றேன்.

17 அக்டோபர், வெள்ளி

யாரும் தவறு செய்யவில்லை. இரண்டு மெயிலிலும் விண்ணப்ப எண் வேறு: 241, 112. போனில் இரண்டு முகவரிக்கும் வருவது ஒரே பட்டியலில் தெரிவதால் நேற்று கவனிக்கவில்லை. 112 என் சொந்த மெயிலுக்கு வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை, வெள்ளைப் பக்கம் வந்தாலும், அது போயிருக்கிறது.

சார் எழுதியது தேர்வு. நான் எழுதியது தள்ளுபடி.

விதிமுறையை மறுபடி படித்தேன். ஒருவருக்கு ஒரு விண்ணப்பம்தான்.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. மாமா வீட்டில் எல்லாரும் எப்போது கிளம்புகிறாய் என்று கேட்டார்கள். சிரித்துவைத்தேன்.

21 அக்டோபர், செவ்வாய்

தள்ளுபடி மெயிலுக்குக் கீழே மதிப்பீட்டாளர் கருத்து இருக்கிறது. இன்றுதான் படிக்கத் தைரியம் வந்தது. ‘குறைகளை ஒளிக்காமல் சொல்கிறார். ஆனால் ஈர இலை ஏன் ஒட்டுகிறது என்று ஆராயவில்லை. அடுத்து என்ன செய்யப் போகிறார் என்பதும் இல்லை.’

கோபம் வந்தது. மறுபடி படித்தேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நாலு என்று எழுதினேனே தவிர, ஏன் நாலு என்று நானும் பார்க்கவில்லை.

241-க்கு வந்த கருத்து: ‘நல்ல தொலைநோக்கு.’ இரண்டே சொல்.

24 அக்டோபர், வெள்ளி

சாரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார்.

“பேசாம போயிட்டு வா. ரெண்டையும் சேத்துவச்சு யாரும் பாக்கப் போறதில்ல.”

“ரெண்டுலயும் என் பேருதான் சார் இருக்கு. அந்தத் தொண்ணூறும் காஞ்ச இலைக்குத்தான் சார். அங்க போய் யாராச்சும் கேட்டா?”

“உன் வயசுல நானும் இதே மாதிரி மூணு எடத்துக்குப் போட்டேம்மா. மூணுலயும் உள்ளதத்தான் எழுதுனேன். இப்ப எங்க உக்காந்திருக்கேன்னு பாரு” என்றார்.

அவர் சொன்னபடிதானே நடந்தது? அவர் எழுதியதுதானே ஜெயித்தது? அப்ப எனக்கு மட்டும் ஏன் இப்படி உறுத்துது? எல்லாரும் இப்படித்தான் போறாங்களா? தெரியல.

27 அக்டோபர், திங்கள்

மதிய இடைவேளையில் பட்டறைக்காரர்களுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டு விண்ணப்பமும் என்னுடையவை. முதலாவது போகவில்லை என்று நினைத்து இரண்டாவதை அனுப்பினேன். அதில் உள்ள தொண்ணூறு காய்ந்த இலைக்கானது, ஈர இலையில் நாற்பது. சார் பெயரை எழுதவில்லை. அனுப்பியது நான்தானே.

இது நேர்மையா? இல்லை, எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயமா? இல்லை, நான் எழுதியதைத் தள்ளிவிட்டு அதை எடுத்துக்கொண்டார்களே என்ற வயிற்றெரிச்சலா? மூன்றும்தான். எது எம்புட்டு என்று பிரிக்க முடியவில்லை.

5 நவம்பர், புதன்

பதில் வந்தது. தெரிவித்ததற்கு நன்றி. இரண்டையும் சேர்த்து மறுபடி பரிசீலித்தோம். தங்கள் பெயர் காத்திருப்போர் பட்டியலில் ஏழாவதாக உள்ளது.

பாண்டீஸ்வரி இரண்டு தடவை படித்தாள். போனை மேசையில் வைத்தாள்.

“வந்தத நீயே எழுதிக் கெடுத்துக்கிட்டியேக்கா.”

“ம்.”

“நீ நல்லது பண்ணியிருக்கன்னு வையி. நாளைக்குக் கிளினிக்ல கேப்பாங்கள்ல, நான் என்னன்னு சொல்ல?”

அழுதாள். எனக்காகவா, கேட்கப் போகிறவர்களுக்காகவா என்று தெரியவில்லை. நான் அழவில்லை. அழுதிருக்கலாம்.

6 நவம்பர், வியாழன்

சாரிடம் சொன்னேன். நிமிர்ந்து பார்க்காமல் “சரி” என்றார்.

14 நவம்பர், வெள்ளி

ஏழு பேர் விலக வேண்டும். மெயிலைப் பத்துத் தடவை பார்த்தேன். சார் ஒரு வாரமாக வகுப்பு விஷயம் தவிர எதுவும் பேசவில்லை. அவர் மூன்று தடவை தோற்றதை என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகும் நான் அப்படிச் செய்தது அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

19 நவம்பர், புதன்

சும்மா இருக்க முடியாமல், மதிப்பீட்டாளர் கேட்டதைச் செய்துபார்த்தேன். தெளிக்கும் தண்ணீரை அளந்து, வேறு வேறு அளவில் கையை ஓட்டினேன். கொஞ்சமாக நனைந்த இலைதான் விடாமல் ஒட்டுகிறது. சொட்டச் சொட்ட நனைந்தது வழுக்கிப் பிரிந்து வருகிறது. நேர்மாறாக இருக்கும் என்றுதான் மூன்று வருடமாக நினைத்திருந்தேன். அளவில் பிழையோ? நாளை திரும்ப ஓட்ட வேண்டும்.

20 நவம்பர், வியாழன்

பிழை இல்லை. அப்படியேதான் வருகிறது. ஏன்?

24 நவம்பர், திங்கள்

இன்று பெங்களூரில் தொடக்கம். யாரும் கூப்பிடவில்லை.

மூன்று மணிக்கு வகுப்பு முடிந்து ஆய்வகத்துக்குப் போனேன். கை இலை மேல் இறங்கி, ரப்பர் முனையால் உறிஞ்சி, தூக்கும், நான் எழுதிக்கொள்வேன். முப்பதாவது ஓட்டத்தின்போது வாசலில் சார் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது.

“இன்னைக்குத்தானே அங்க ஆரம்பம்?”

“ஆமா சார்.”

உள்ளே வந்து என் தாளை எடுத்துப் பார்த்தார். தண்ணீர் அளவு ஒரு பக்கம், ஒட்டின எண்ணிக்கை ஒரு பக்கம். விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். மறுபடி மேலே போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“தலைகீழா இருக்கே. மாத்தி எழுதிட்டியா?”

“இல்ல சார். மூணு நாளா இப்படித்தான் வருது.”

“ஏன்?”

“தெரியல சார்.”

அந்த ஆய்வகத்தில் ஒரே ஒரு ஸ்டூல்தான். அதை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை எடுத்து, இலை அடுக்கின் மேல் ஒரே ஒரு தடவை அழுத்தினார்.

“ஓட்டும்மா, பாப்போம்” என்றார்.