பக்கத்தில் ஆள் இருந்தால்

4-8-2006, வெள்ளி
வெள்ளிக்கிழமை எனக்கு இரண்டு மணிக்கே பஸ். சார்ஜாவிலிருந்து மச்சான் போன் பண்ணும் நாள் என்று அரங்கநாதன் சாருக்குத் தெரியும். பெரம்பலூர் கம்ப்யூட்டர் ஆபீசில் எனக்கிருக்கும் ஒரே சலுகை இதுதான். எங்க ஊர் லப்பைக்குடிக்காட்டில் இறங்கி, முகம்கூடக் கழுவாமல் போன் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் மாமி, அப்புறம் நாத்தனார் ஃபஹ்மிதா. கடைசியில் என் கைக்கு வந்தது. மாமி நகரவில்லை.

நல்லா இருக்கியா என்றார். நல்லா இருக்கேன் என்றேன். சாப்பிட்டியா. சாப்பிட்டேன். அவ்வளவுதான்.

கல்யாணமான இரண்டாம் மாதம் விமானம் ஏறியவர். இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இவர் குரல் எனக்குத் தெரியும், மனசு தெரியாது. எப்ப வருவீங்க என்று ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும். மாமி காதுபட எப்படிக் கேட்பது?

7-8-2006, திங்கள்
அரியலூரிலிருந்து எங்கள் ஆபீஸ் அனிதா கூப்பிட்டாள். லாரி எடை போடும் இடத்துக்கு நாங்கள் எழுதிய புரோகிராமை அங்கே நிறுவிக்கொண்டிருக்கிறாள். புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் எல்லாம் பெயிலாகிறதாம். எங்கள் லினக்ஸ் மெஷினில் ஓட்டிப் பார்த்தேன். ஒன்று விடாமல் பாஸ். சாருக்கு அனிதா மேல் சந்தேகம். எனக்கு இல்லை. அவள் சும்மா புலம்புகிற ஆள் கிடையாது.

9-8-2006, புதன்
அரியலூர் போனேன். வழியெல்லாம் சிமெண்ட் லாரி. கறுப்பு புர்கா சாம்பல் நிறமாகிவிட்டது.

அனிதா சொன்னது சரி. அங்கே இருப்பது விண்டோஸ். எடை கூடின லாரி என்றால் அந்த வரி சிவப்பில் வர வேண்டும். எங்கள் லினக்ஸ் திரைக்கு நிறத்துக்கான குறி புரிகிறது, சிவப்பாகக் காட்டுகிறது. இங்கே திரைக்குப் புரியவில்லை. ஒரு அம்பு, ஒரு அடைப்புக்குறி, 31 என்று குறியையே எழுத்தாகக் கொட்டுகிறது. திரையில் இருப்பதை வாசித்து ஒப்பிடுகிற டெஸ்ட், பாவம், என்ன செய்யும்? எதிரில் இருப்பது என்ன திரை என்று பார்த்துவிட்டு நிறம் போடும்படி புரோகிராமை மாற்றினேன்.

11-8-2006, வெள்ளி
நல்லா இருக்கியா. நல்லா இருக்கேன்.

17-8-2006, வியாழன்
புதுத் தலைவலி, அதுவும் எங்கள் மெஷினிலேயே. நான் உட்கார்ந்து ஓட்டினால் பாஸ். மதியம் தானாக ஓடும்போது பெயில். கம்ப்யூட்டருக்கு உன்னைப் பிடிச்சுப்போச்சு என்று சார் கிண்டல்.

சாயங்காலம் பிடித்துவிட்டேன். தானாக ஓடும்போது எதிரில் திரையே கிடையாது, எழுதுவதெல்லாம் ஒரு ஃபைலுக்குப் போகிறது. பார்க்க ஆளில்லை என்று தெரிந்ததும் புரோகிராம் நிறத்தையெல்லாம் விட்டுவிட்டு வெறும் எழுத்தைப் போடுகிறது. டெஸ்டோ சிவப்பைத் தேடுகிறது.

சிரிப்பு வந்தது. எங்க வூட்டு போன் மாதிரிதான். மாமி நின்றால் ஒரு பேச்சு. நிற்காவிட்டால் என்ன பேச்சு? எனக்கே தெரியாதே.

18-8-2006, வெள்ளி
மாமியிடம் கேட்டேவிட்டேன், கடைசியில் கொஞ்ச நேரம் தனியாகப் பேசிக்கொள்கிறேன் என்று. மாமி முகம் சுருங்கிப்போனது.

"நான் என்ன ஒட்டுக் கேக்கவா நிக்கிறேன்? எம்புள்ள குரலு கொஞ்சம் கேக்குமேன்னு நிக்கிறேன்."

ஆனாலும் போனார். நான் கதவைச் சாத்தினேன். இப்ப யாருமில்ல மச்சான் என்றேன்.

நல்லா இருக்கியா என்றார். சாப்பிட்டியா என்றார்.

ச்சே. இந்த மனுசனுக்கு எங்கிட்ட சொல்ல ஒண்ணுமே இல்லியா? மாமி மேல பழியப் போட்டுக்கிட்டு நான்தான் ஏமாந்துட்டு இருந்தேனா? எப்ப வருவீங்கன்னு கேக்க வாயே வரல.

19-8-2006, சனி
அனிதா போன். அரியலூரில் இன்னும் ஒன்று பெயில். என் தப்புதான். இங்கே சரிசெய்ததை இங்கேயே ஓட்டிப் பார்த்துவிட்டு, முடிந்தது என்று அனுப்பியிருக்கிறேன். அங்கே போய்ப் பார்க்கவேயில்லை.

அப்போதுதான் உறைத்தது. நேற்று அவர் பேசும்போது பின்னால் யாரோ இருமினார்கள். சீக்கிரம் பாய் என்று ஒரு குரல். ஒரு ரூமில் எட்டுப் பேர், எட்டுப் பேருக்கும் ஒரு செல்போன் – இது மாமிக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இந்தப் பக்கம் மட்டும் கதவைச் சாத்தி என்ன பிரயோஜனம்?

21-8-2006, திங்கள்
அரியலூர் போய் அந்த ஒன்றையும் முடித்தேன். இங்கும் பாஸ், அங்கும் பாஸ். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு பூத்தில் ஐ.எஸ்.டி. போட்டேன். மச்சான் பதறிப்போய் எடுத்தார். வெள்ளிக்கிழமை ரூமை விட்டு வெளியே வந்து பேசுங்க என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

25-8-2006, வெள்ளி
மாமி பேசி முடித்து, போனை என்னிடம் நீட்டிவிட்டு, அவராகவே அடுப்படிக்குப் போனார்.

மச்சான் மொட்டை மாடியில் நிற்பதாகச் சொன்னார். காற்றுச் சத்தம்தான் கேட்டது. அப்புறம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"முடியல பர்சானா. வந்துடவா?"

லீவுக்கா என்று கேட்டேன்.

"இல்ல. ஒரேயடியா."

ஃபஹ்மிதா கல்யாணம், எங்கள் வீட்டில் பாதியில் நிற்கும் மாடி, மாமியின் திட்டங்கள் எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. மாமியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றுதான் நல்ல மருமகள் சொல்லியிருப்பாள்.

வாங்க என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது. மாமிக்குக் கேட்டிருக்கும்.

கேட்கட்டும்.