அவர் பக்கத்துத் துணி

ஜூன் 9, திங்கள்
காரின் கூரைத் துணி இன்னும் கொஞ்சம் இறங்கிவிட்டது. இவர் உட்காரும் இடது பக்கத்தில்தான் மோசம், முகத்தில் வந்து விழுகிறது. பக்கவாதம் வந்து நாலு மாதமாக இடது கை அசையாத மனிதருக்கு இதுவும் வேண்டுமா? "ஒட்டிடட்டுமா?" என்றேன். "ம்." எதற்கும் ம்தான். பேச்சு இவருக்கு நன்றாகவே வரும். பேசுவதில்லை.

ஜூன் 11
அடையாறில் பிசியோதெரபி. நாஸியா, "ஆன்ட்டி, தோளைக் கொஞ்சம் தூக்கறார்! வீட்ல பயிற்சி நடக்குதா?" என்றாள். எங்கே நடக்கிறது? அந்தக் கையைத் தொடவே விடமாட்டார். "முதல் ஆறு மாசம் ரொம்ப முக்கியம், விட்டுடாதீங்க" என்றாள். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மரத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 12
கொலு பொம்மை ஒட்ட வாங்கிய வெள்ளைப் பசை மிச்சமிருந்தது. அதையே துணிக்குத் தடவினேன்.

ஜூன் 13
மத்தியான வெயிலில் மொத்தமும் கழன்றுவிட்டது. வெயிலில் நிற்கிற காருக்குப் பொம்மைப் பசை — என் புத்தி!

ஜூன் 15, ஞாயிறு
நேற்று ஈக்காட்டுத்தாங்கலில் சீட் கவர் கடை ஜவஹர் ஒரு டப்பா மஞ்சள் ரப்பர் பசை கொடுத்தார். "பழைய ஸ்பாஞ்சு தூளா ஒட்டிக்கினு கீது பாரு மேடம், அத்த சுரண்டிட்டு ரெண்டு பக்கமும் தடவு. கொஞ்சம் காயவுட்டு அமுக்கு" என்றார்.

காலை முழுக்கச் சுரண்டல். கண், வாய், தலைமுடி எல்லாம் தூள். கழுத்து போயே போய்விட்டது. ஆனால் துணியில் ஒரு சுருக்கம் கிடையாது. இவர் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை? ம்ஹும்.

ஜூன் 20
எழுத ஒன்றுமில்லை. துணி நிற்கிறது.

ஜூன் 27, வெள்ளி
நாஸியாவின் முகம் சரியில்லை. "தோள் மறுபடி இறுகிடுச்சு ஆன்ட்டி. இந்த ரெண்டு வாரமா என்ன ஆச்சு?" ஒன்றும் ஆகவில்லையே.

திரும்பும் வழியில், சிக்னலில், இவர் வாயைத் திறந்தார்.

"அந்தத் துணியைத் தள்ளிண்டு வருவேன்."

"எந்தத் துணி?"

"மேல தொங்கித்தே, அது. வலது கையைத் தொடைக்கு அடியில வெச்சுண்டு, இடது கையால ஒதுக்கிண்டே வருவேன். மொதல்ல வரலை. அப்புறம் வந்துது."

"ஒட்டறச்சேயாவது சொல்லப்படாதா?"

"சொன்னா நீ எண்ண ஆரம்பிச்சுடுவே."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். எனக்கு கியர் விழவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட்டியிருக்கிறேன் — அந்தத் துணி மறைத்தது, எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் எண்ணித்தான் இருப்பேன். பத்து ஆச்சா, இன்னொரு தடவை என்று அவர் உயிரை வாங்கியிருப்பேன்.

ஜூன் 28
பிளேடால் கீறி அவர் பக்கத்துத் துணியை மட்டும் உரித்துத் தொங்கவிட்டேன். காருக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன். இந்த நாலு மாதத்தில் இன்றைக்குத்தான் அழுகை வந்தது.

ஜூன் 30, திங்கள்
அடையாறு போய்விட்டு வந்தோம். போகும்போதும் வரும்போதும் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினேன்.