கைக்கடிகாரத்தின் கடைசித் துளை

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மூத்தவளின் வணக்கம். நான் சௌக்கியம். அங்கே எல்லாரும் சௌக்கியம் என்று நீ எழுதியதை மட்டும் நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

நம் பழைய தர்க்க சாஸ்திரத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுப்பதுதானே என் ஆராய்ச்சி? போன வாரப் பாடம் இது: ஒருவன் பகலில் எதுவுமே சாப்பிடுவதில்லை, ஆனாலும் குண்டாகவே இருக்கிறான். அப்படியென்றால் அவன் ராத்திரியில் சாப்பிடுகிறான். கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. வேறு விதமாக இருக்க முடியாது என்பதே சாட்சி.

என் ஹாஸ்டல் அறையில் கூட இருக்கும், கணக்கு படிக்கிற அக்கா, பகலெல்லாம் பட்டினி என்று இரண்டு மாதமாகப் பீற்றிக்கொள்கிறாள். அவள் ஜீன்ஸ் பொத்தானோ நேற்றுத் தெறித்துவிட்டது. உடனே அவள் தலையணையைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் என் பிஸ்கட் டப்பா!

"யாருடி போட்டுக்கொடுத்தது?" என்றாள்.

"உன் ஜீன்ஸ்தான்க்கா."

சிரித்தாயா? இப்போது நீ அனுப்பிய போட்டோவுக்கு வருகிறேன். அப்பா மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுவதாக எழுதியிருக்கிறாய். அவர் கைக்கடிகார வார் கடைசித் துளைக்குப் போய்விட்டது. அப்படியும் கடிகாரம் முழங்கைப் பக்கம் சரிந்து கிடக்கிறது. பாடத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். நன்றாகச் சாப்பிட்டும் ஒருவர் இளைத்துக்கொண்டே போனால்? அதற்கு மேல் கம்ப்யூட்டரைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆராய்ச்சிக்கூடத்தில் கூப்பிடுகிறார்கள், போக வேண்டும். ஒரு தலைவலித் தைலம் அனுப்பு. பார்சல் மேல் விலாசத்தை அப்பாவையே எழுதச் சொல்.

அவருக்குப் பதில் நீ எழுதினால் கையெழுத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

உன் மகள்