சொல்லமாட்டேன் என்று சொன்னது

ஜூன் 3, திங்கள்
ஆறு வருடம் இந்த மனநல கிளினிக்கின் பெஞ்சில் நோயாளியாக உட்கார்ந்தவள், இன்று உள்ளே ஊழியர் நாற்காலியில். வேலை, நான் பட்டதைப் படுகிறவர்களுக்குத் துணையாக இருப்பது. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாம். எல்லாச் சாவியும் தந்த நர்ஸ், ஃபைல் அலமாரிச் சாவியை மட்டும் வைத்துக்கொண்டார். என் பழைய ஃபைலும் அதில் இருக்கிறதாம். இருந்துவிட்டுப் போகட்டும்.
டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். பழக்க தோஷம். ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

ஜூன் 11
எங்கள் நோயாளி ஒருவர், தையல்கார அக்கா, கிளினிக் பக்கமே வருவதில்லை. கணவர்தான் மாத்திரை வாங்கிப்போகிறார். வீட்டுக்குப் போனேன். நானும் அதே மாத்திரை சாப்பிட்டவள் என்றதும் கதவு திறந்தது. மாத்திரை போட்டால் கை நடுங்கி ஊசியில் நூல் கோக்க முடியவில்லையாம். பத்து நாளாக மாத்திரையைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுகிறார். காதில் பழைய குரல்கள் திரும்பிவிட்டன.
"கிளினிக்ல தெரிஞ்சா மறுபடி வார்டுதான். சொல்லமாட்டேன்னு சொல்லு."
சொல்லமாட்டேன் என்றேன். என் வாயை என்ன செய்ய?

ஜூன் 12
அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

ஜூன் 13
அக்கா தூங்குவதில்லை என்று கணவர் சொன்னாராம். மாத்திரை அளவைக் கூட்டலாம் என்றார் டாக்டர், ஊழியர் கூட்டத்தில்.
"அவங்க கை நடுங்குதான்னு யாராவது கேட்டீங்களா?" — கத்திவிட்டேன்.
நர்ஸ் மெதுவாக, "நீங்க இன்னிக்கு மாத்திரை போட்டீங்களா?" என்றார்.
அவர்கள் கத்தினால் வேலைப்பளு, நான் கத்தினால் வியாதியா? போட்டேன், போட்டுத் தொலைச்சேன், போதுமா — இதை அங்கே சொல்லவில்லை, இங்கேதான் எழுதுகிறேன். அதைவிடக் கேவலம், கழிவறை விஷயத்தையும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

ஜூன் 14
காலையில் முதலில் அக்காவிடமே போனேன். "சொல்லமாட்டேன்னு சொன்னது என் தப்புக்கா. சொல்லத்தான் போறேன். ஆனா உங்களுக்குத் தெரியாம இல்ல."
"நீயும் அவங்க ஆளுதான்." கதவைச் சாத்திவிட்டார்.
டாக்டரிடம் எல்லாம் சொன்னேன், கை நடுக்கம் உட்பட. மாத்திரையை மாற்றிப் பார்க்கலாம், வார்டு வேண்டாம், ஆனால் திங்கட்கிழமை அவர் நேரில் வந்தாகவேண்டும் என்றார். அதை அப்படியே எழுதி அக்காவின் கதவுக்கடியில் தள்ளினேன். வராவிட்டால் அவரும் போச்சு, என் வேலையும் போச்சு.

ஜூன் 17
பன்னிரண்டு வரை காணோம். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
பிறகு அக்கா வந்தார். பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார், போய் உட்கார்ந்தேன். எண்ணைக் கூப்பிட்டதும் இரண்டு பேரும் எழுந்தோம்.
டாக்டர் அறையில் நோயாளிக்கு ஒரே நாற்காலிதான். நர்ஸ் தன் நாற்காலியை இழுத்துவந்து அதன் பக்கத்தில் போட்டார்.